மேனேஜர் லீவில், லீக் ஓட்டத்தில்: வாசகர் கேள்வி–பதில்

கால்பந்து அணியை நடத்தும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜரில் தான் எந்த அணியையும் எடுக்காமல், எடிட்டர் என்ற தரவு மாற்றும் கருவியில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிவிட்டு, கணினி மேனேஜர்களையே பல சீசன் ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிற பழக்கம் நம் பக்கத்திலும் பரவியிருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அதுபற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். மெனு விவரங்கள் எல்லாம் 2024 பதிப்புக்கானவை. 2025 பதிப்பு வெளிவராமலேயே கைவிடப்பட்டது. 2025 நவம்பரில் வந்த 26ஆம் பதிப்பில் திரைகள் நிறைய இடம் மாறிவிட்டதால், அதை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்.

எடிட்டரில் லூட்டன் டவுன் அணிக்கு நூறு கோடி பவுண்டு கொடுத்து 10 சீசன் ஓடவிட்டேன். இரண்டாவது வருடமே கீழ் லீகுக்கு இறங்கிவிட்டது, திரும்ப மேலே வரவே இல்லை. பணத்தை விளையாட்டு கணக்கிலேயே எடுக்கவில்லையா?
— கல்லூரி மாணவர், பாலக்கோடு

எடுத்தது. ஆனால் நீங்கள் போட்டது வங்கி இருப்பில். வீரர் வாங்கும் பட்ஜெட்டும் சம்பள பட்ஜெட்டும் வேறு. அவற்றை ஒவ்வொரு சீசனும் கிளப் நிர்வாகம்தான் நிர்ணயிக்கும். வருமானம், கிளப்பின் மதிப்பு, லீகின் நிதி விதி எல்லாவற்றையும் பார்த்துத்தான் கையைத் திறக்கும். பெட்டியில் பணம் இருந்தும் செலவுக்கு வராது.

அடுத்த தடை மதிப்பு, அதாவது ரெப்யுடேஷன். எடிட்டரில் அது 10,000 வரை போகும் எண். கணினி மேனேஜர் யாரைக் கேட்பது, கேட்கப்பட்ட வீரர் வருவாரா, எந்த அளவு மேனேஜர் அந்த வேலைக்கு விண்ணப்பிப்பார் என்று எல்லா முடிவிலும் இந்த எண் நிற்கிறது. பணம் மட்டும் ஏறி மதிப்பு அப்படியே இருந்தால், பெரிய வீரர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கிளப் நடுத்தர வீரர்களுக்கு அதிக விலை கொடுத்து ஏமாறும்.

பணத்தின் விளைவைத்தான் பார்க்க வேண்டும் என்றால் மூன்று தனித்தனி சோதனை செய்யுங்கள்: இருப்பு மட்டும், இருப்போடு பட்ஜெட், இருப்போடு மதிப்பு. எடிட்டரில் கிளப்பின் நிதிப் பக்கத்தில் ‘சுகர் டாடி’ என்று ஒரு தேர்வும் உண்டு. அது வருடா வருடம் பணம் இறக்கும் முதலாளியை உருவாக்குகிறது. ஒருமுறை கொட்டிய பணத்தோடு அதை ஒப்பிடுவது தனிச் சோதனை. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஏற்றிவிட்டு ‘பணம் வேலை செய்கிறது’ என்று எழுதுபவர்கள்தான் அதிகம். எது வேலை செய்தது என்று அவர்களுக்கும் தெரியாது, படிக்கிறவர்களுக்கும் தெரியாது.

தொடங்கும்போது என்னென்ன குறி போட வேண்டும்? எனக்கு ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது.
— வாசகர், காவேரிப்பட்டணம்

எடிட்டர் தனியாக இறக்க வேண்டிய இலவசக் கருவி; விளையாட்டுகளை வாங்கி இறக்கும் ஸ்டீம் செயலியில் லைப்ரரிக்குள் ‘டூல்ஸ்’ பகுதியில் இருக்கும். அதில் செய்த மாற்றக் கோப்பு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள், ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் ஃபோல்டரில், அந்தப் பதிப்பின் ‘எடிட்டர் டேட்டா’வில் இருக்க வேண்டும். புது ஆட்டம் தொடங்கும்போது அந்தக் கோப்புக்கு எதிரே டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்றம் எதுவுமே நடக்கவில்லை என்று வரும் புகார்களுக்கு இதுதான் வழக்கமான காரணம். ஏற்கெனவே ஓடும் ஆட்டத்தில் எடிட்டர் கோப்பைப் புதிதாகச் செருக முடியாது.

பிறகு டேட்டாபேஸ் அளவு. சிறியது வைத்தால் வேகம் கிடைக்கும், ஆனால் கிளப்புகள் வாங்கத் தேடும் வீரர் கூட்டமும் சுருங்கும். அதனால் ஒரே மாற்றம் சிறிய டேட்டாபேஸில் ஒரு முடிவையும் பெரியதில் இன்னொரு முடிவையும் தரலாம். எதை வைத்தாலும் கடைசிவரை அதையே வையுங்கள். தொடக்கத் தேதியும் அப்படித்தான். 2024 பதிப்பில் மூன்று தொடக்க முறைகள் உண்டு. எதில் தொடங்கினீர்கள் என்று எழுதி வையுங்கள், ஏனென்றால் முதல் சீசனில் யார் எந்த அணியில் இருக்கிறார் என்பதே அதைப் பொறுத்து மாறும்.

உயர்நிலை அமைப்புகளில் முதல் டிரான்ஸ்ஃபர் காலத்தை முடக்கும் தேர்வு இருக்கிறது. வியூகத்தையோ வீரர் குணத்தையோ சோதிப்பவர்கள் அதைப் போடுவது நல்லது, அணி கலையாது. பணத்தைச் சோதிப்பவர்கள் போடக்கூடாது. வீரர்களின் எண்களை மறைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள்; இல்லையென்றால் பிறகு பார்க்கும்போது பாதிக் கட்டங்கள் காலியாக இருக்கும்.

மேனேஜராக வேலையில்லாதவராய்த் தொடங்குங்கள். முதல் நாளிலேயே, ஒரு நாள்கூட நகர்த்தாமல், சேவ் செய்யுங்கள். அதற்கு ‘தொடக்கம்’ என்று பெயர் வைத்து அதன்மேல் எதையும் எழுதாதீர்கள். பிறகு ஹாலிடே, அதாவது நீங்கள் இல்லாமலே ஆட்டம் ஓடும் வசதி; திரும்பும் தேதி சீசன் முடிந்தபின் ஒரு நாள். வேலைக்கு விண்ணப்பிக்கும் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ‘லீவில்’ இருக்கும்போதே ஒரு கிளப் உங்கள் தலையில் விழுந்து, சோதனைக்குள் நீங்களே ஓர் ஆளாகிவிடுவீர்கள்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: எந்தப் போட்டி முழு விவரத்தில் ஓடுகிறது என்பது. முழு விவரத்தில் இல்லாத லீகுகளை விளையாட்டு வேகக் கணக்கில் தள்ளிவிடும். அங்கே வியூகத்தின் நுணுக்கம் முழுமையாகக் கணக்கில் வராது, வீரர்களின் புள்ளிவிவரமும் மெலிந்துபோகும். நீங்கள் சோதிக்கிற லீகை மட்டும் முழு விவரத்தில் வையுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் லேப்டாப் தவழும்.

ஒரு அணியின் வீரர்கள் எல்லோருக்கும் புரொஃபஷனலிசம் (தொழில் ஒழுக்கக் குணம்) 20க்கு 20 ஆக்கினேன். முன்பு 51 புள்ளி, இப்போது 58. ஏழு புள்ளி கூடியிருக்கிறது. வேலை செய்கிறது என்று போடலாமா?
— மென்பொருள் பணியாளர், ஓசூர்

போடக்கூடாது. ஏன் என்று கணக்கோடு சொல்லிவிடுகிறோம், இது மற்ற எல்லாக் கேள்விக்கும் உதவும்.

ஒரு நடுத்தர அணி ஓர் ஆட்டத்தில் வெல்ல 40 சதவீதம், டிரா 25, தோல்வி 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிக்கு 3, டிராவுக்கு 1. ஓர் ஆட்டத்தின் சராசரி 1.45 புள்ளி; அதன் சிதறல், அதாவது திட்ட விலக்கம், ஏறக்குறைய 1.3. பிரீமியர் லீகில் 38 ஆட்டம். 1.3ஐ 38இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 8 புள்ளி வரும். அதாவது எதையுமே மாற்றாமல் அதே அணியை அதே தொடக்கத்திலிருந்து ஓடவிட்டாலும், ஒருமுறை 47, இன்னொருமுறை 61 என்று வருவது சாதாரணம். உங்கள் 7 புள்ளி அந்தச் சிதறலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

எத்தனை முறை ஓட்ட வேண்டும் என்பது எவ்வளவு சிறிய வித்தியாசத்தைப் பிடிக்க நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 10 புள்ளி வித்தியாசம் என்றால் மாற்றியதில் 5 ஓட்டம், மாற்றாததில் 5 ஓட்டம் ஓரளவு போதும். 5 புள்ளி என்றால் இரண்டிலும் இருபது இருபது. 2 புள்ளியைப் பிடிக்க ஒவ்வொன்றிலும் சுமார் 130 வேண்டும்; அதை விட்டுவிடுவதே புத்தி. 2023–24 ஐஎஸ்எல் போல 12 அணி, 22 ஆட்டம் உள்ள லீகில் சிதறல் 6 புள்ளிதான், ஆனால் ஆட்டம் குறைவு என்பதால் மாற்றத்தின் பலனும் அதே அளவுக்கு மேலாகவே சுருங்கும். ஆகவே அங்கே இன்னும் அதிக ஓட்டம் தேவை.

உங்கள் கேள்விக்கே ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஒரு அணிக்கு மட்டும் குணத்தை ஏற்றாமல், 20 அணிகளில் சீட்டுக் குலுக்கி 10 அணிக்கு ஏற்றுங்கள். ஒரே சீசனில் பத்துக்குப் பத்து ஒப்பீடு கிடைக்கிறது. அடுத்த கோப்பில் பத்தையும் அப்படியே மாற்றிப் போடுங்கள். பெரிய கிளப் ஒரு பக்கம் குவிந்திருந்தால் அதுவும் சரியாகிவிடும்.

கவனிக்க: புரொஃபஷனலிசம் முக்கியமாக வேலை செய்வது பயிற்சியிலும் வளர்ச்சியிலும். ஒரே சீசனின் புள்ளியில் அதைத் தேடுவதைவிட, 18 வயது வீரர்களின் திறன் மூன்று சீசன் கழித்து எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

ஒரே சேவில் 20 சீசன் ஓடவிட்டால் 20 ஓட்டம் ஆகாதா?
— அதே வாசகர்

ஆகாது. முதல் வருடம் தற்செயலாகக் கோப்பை வென்ற அணிக்குப் பணம், மதிப்பு, நல்ல வீரர் எல்லாம் சேரும். அடுத்த வருடம் அதன்மேல் ஏறும். இருபதும் ஒன்றையொன்று பிடித்துத் தொங்குகிற எண்கள். ‘தொடக்கம்’ சேவுக்கே திரும்பிவந்து மறுபடி ஓட்டுங்கள்.

நாங்கள் நான்கு பேர், ஓசூரில் இரண்டு, தர்மபுரியில் ஒருவர், அரூரில் ஒருவர். ஓட்டங்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று பார்க்கிறோம். எடிட்டர் கோப்பை அனுப்புவதா, சேவை அனுப்புவதா? ஒரே கோப்பை நால்வரும் போட்டும் வீரர்களின் எண்கள் ஆளுக்கொரு மாதிரி வருகிறது.
— வாசகி, ஓசூர்

எண்கள் ஏன் மாறின என்பதில்தான் பதிலே இருக்கிறது.

ஒவ்வொரு வீரருக்கும் இப்போதைய திறன், எட்டக்கூடிய திறன் என்று 200க்கு இரண்டு எண்கள். இரண்டாவதை எடிட்டரில் நேரடியாக 165 என்று போடலாம். மைனஸ் எண்ணாகவும் போடலாம். மைனஸ் 10 என்றால் 170இலிருந்து 200க்குள் ஏதோ ஒன்று, மைனஸ் 9 என்றால் 150இலிருந்து 180க்குள், மைனஸ் 8 என்றால் 130இலிருந்து 160க்குள். அந்த ஏதோ ஒன்று எது என்பதைப் புது ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் விளையாட்டு குலுக்கிப் போடுகிறது. 0 என்று விடப்பட்ட இடங்களும் அப்படியே. வேகம், பாஸ் போன்ற 20க்கான எண்கள் காலியாக இருந்தால் வீரரின் இடத்தையும் திறனையும் பார்த்துத் தானே நிரப்பும். மூலத் தரவிலேயே இளம் வீரர்கள் பலருக்கு மைனஸ் எண்தான் இருக்கிறது. ஆகவே நால்வரும் தனித்தனியாகத் தொடங்கியபோது நான்கு வேறு உலகங்கள் பிறந்துவிட்டன.

தொடக்கச் சேவை அனுப்பினால் அந்தக் குலுக்கல் உறைந்துபோகும், நால்வருக்கும் அதே வீரர்கள். ‘இந்த அணி, இந்த வீரர்களோடு, இந்த மாற்றத்தால் என்ன ஆகும்’ என்ற கேள்விக்கு அதுதான் சரி, ஓட்டமும் குறைவாகப் போதும். ஆனால் அந்த ஒரு குலுக்கலில் உங்கள் அணியின் இளைஞன் 198 வாங்கியிருந்தால், முடிவு முழுக்க அவனுடையதாகிவிடும். ‘பொதுவாக இந்த மாற்றம் பலன் தருமா’ என்று கேட்பவர்கள் எடிட்டர் கோப்பை அனுப்பி, ஒவ்வொரு ஓட்டத்தையும் புதிதாகத் தொடங்க வேண்டும். சிதறல் கூடும், ஆனால் பதில் நம்பகமாக இருக்கும். எங்கள் விருப்பம் நடுவழி: ஆளுக்கு இரண்டு தொடக்கச் சேவ், மாற்றிய கோப்போடு ஒன்று, மாற்றாததோடு ஒன்று; ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்தைந்து ஓட்டம். இரண்டிலும் வீரர்கள் இயன்றவரை ஒத்துப்போக, மைனஸ் எண்களை எல்லாம் முதலில் நேர் எண்ணாக்கிவிட்டுப் பிறகு பிரியுங்கள்.

அனுப்பும் முன் நால்வரின் பதிப்பு எண்ணும் கடைசிப் புள்ளி வரை ஒன்றா என்று பாருங்கள். புதிய பேட்ச்சில் (விளையாட்டுக்கு வரும் திருத்தம்) சேமித்ததைப் பழைய பேட்ச் திறக்காது. பேட்ச் மாறினால் ஆட்டத்தின் கணக்கும் மாறியிருக்கலாம், பாதி ஓட்டம் முந்தியது பாதி பிந்தியது என்று கலந்தால் எல்லாம் வீண். ஸ்டீமில் தானாக அப்டேட் ஆவதை, ஆட்டத்தைத் திறக்கும்போது மட்டும் என்று மாற்றிவிட்டு, ஆஃப்லைனில் ஓட்டுங்கள். சேவ் கோப்பு பெரியது. வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக 2 ஜிபி வரை போகும். வந்து சேர்ந்ததும் கோப்பின் அளவு பைட் கணக்கில் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

கூகுள் ஷீட்டில் ஓர் ஓட்டத்துக்கு ஒரு வரி. யார் ஓட்டியது, எந்தத் தொடக்கம், மாற்றியதா இல்லையா, புள்ளி, இடம், போட்ட கோல், வாங்கிய கோல், மேனேஜர் நடுவில் துரத்தப்பட்டாரா. கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். 3–5–2 வியூகத்தைச் சோதிக்கிறோம் என்று ஒரு மேனேஜரின் விருப்ப வியூகத்தை மாற்றியிருப்பீர்கள். நவம்பரில் அவர் போய், டிசம்பரிலிருந்து வேறொருவர் 4–3–3 ஆடியிருப்பார். அந்த வரியை எடுக்க வேண்டுமா, வைக்க வேண்டுமா என்பதை ஓட்டத் தொடங்கும் முன்பே நால்வரும் பேசி முடியுங்கள். முடிவைப் பார்த்தபின் பேசினால், பிடிக்காத வரிதான் வெளியே போகும்.

இந்தியாவின் இளைஞர் தரத்தை எடிட்டரில் 150 ஆக்கி 12 வருடம் ஓட்டினேன். உலகக் கோப்பை தகுதிச் சுற்றில் பழைய கதைதான். 1950இல் கைவிட்ட வாய்ப்பு கணினியில்கூட வரவில்லையே?
— உடற்கல்வி ஆசிரியர், பென்னாகரம்

பொறுமை போதவில்லை சார். அந்த எண் இப்போது இருக்கும் வீரர்களைத் தொடாது; இனிமேல் வருடத்துக்கு ஒருமுறை கிளப்புகளில் பிறக்கும் நியூஜென் வீரர்களை, அதாவது விளையாட்டே உருவாக்கும் கற்பனை இளைஞர்களை, மட்டுமே உயர்த்தும். அவர்கள் வரும்போது வயது 15, 16. முதல் கூட்டம் உச்சத்துக்கு வரவே பத்து வருடத்துக்கு மேல் ஆகும். 12 வருடம் ஓட்டினால் நல்ல வயதில் ஓரிரு கூட்டம்தான் இருக்கும், ஒரு தேசிய அணி முழுக்க நிரம்பாது. 25 வருடம் வையுங்கள்.

இந்தியாவை விளையாடக்கூடிய நாடாக ஏற்றினீர்களா என்பதையும் பாருங்கள். ஏற்றாத நாட்டில் கிளப்புகள் முழு அளவில் இளைஞர்களை உருவாக்காது. ஏற்றியிருந்தாலும், கிளப்பின் இளைஞர் வசதி, பயிற்சி, ஆள் தேடும் வலை ஆகிய மூன்றும் 20க்கு எவ்வளவு இருக்கிறதோ அதுதான் நாட்டின் எண்ணை வீரராக மாற்றிக் கொடுக்கும். விதை நெல்லை மட்டும் மாற்றிவிட்டு வாய்க்காலைத் தூர்வாராத கதை இது. முதலில் நாட்டின் எண் மட்டும், பிறகு கிளப் வசதி மட்டும், கடைசியில் இரண்டும் என்று மூன்றாகப் பிரித்து ஓட்டினால் எது தடை என்று பிடிபடும்.

உலகக் கோப்பைக்குப் போனதா இல்லையா என்று மட்டும் எண்ணாதீர்கள். 48 அணிப் போட்டியில் ஆசியாவுக்கு நேரடி இடம் எட்டு. ஒன்பதாவதாக வந்தவரும் நாற்பதாவதாக வந்தவரும் அந்தக் கணக்கில் ஒன்றாகிவிடுவார்கள். தேசிய அணியின் முதல் 23 பேரின் சராசரித் திறனை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டால் ஒவ்வொரு ஓட்டமும் ஏதாவது சொல்லும்.

தர்மபுரி பெயரில் ஒரு அணியைச் சேர்த்தேன். ஆட்டம் தொடங்கவே மாட்டேன் என்கிறது.
— வாசகர், தர்மபுரி

லீகில் 12 அணி என்று விதி இருக்கும்போது 13ஆவதாகச் சேர்த்திருப்பீர்கள். ஓர் அணியைக் கீழே இறக்கி அதன் இடத்தில் உங்களுடையதை வையுங்கள். இரண்டு கிளப்பிலும் டிவிஷன், கடந்த டிவிஷன், கடந்த இடம் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஊர் தரவில் இல்லையென்றால் அதையும் சேர்க்க வேண்டும். தர்மபுரிக்கு அட்சம் 12.13, தீர்க்கம் 78.16. மைதானம் இணைக்காத கிளப்பும் சிக்கல் தரும். பழைய கிளப் ஒன்றின் பெயரை மாற்றுவதே எளிது, ஆனால் அதன் வரலாறும் பகையும் கூடவே வரும்.

இரவு முழுக்க ஓட விட்டால் காலையில் நின்றுபோய் இருக்கிறது. லேப்டாப் கொதிக்கவும் செய்கிறது.
— வாசகர், கிருஷ்ணகிரி

ஸ்லீப், மூடியை மூடினால் உறங்குவது, விண்டோஸ் அப்டேட் ரீஸ்டார்ட். மூன்றையும் நிறுத்திவையுங்கள். மெத்தைமேல் வைக்காதீர்கள், கீழே காற்று போக வேண்டும். ஒரே மூச்சில் பத்து சீசன் ஹாலிடே கொடுக்காமல் ஒவ்வொரு சீசனாகக் கொடுத்து, எண் போட்ட புதுப் பெயரில் சேவ் செய்யுங்கள். மாங்காய் சீசனில் மழைக்கு முன் அடிக்கிற காற்றில் கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. பேட்டரி தேய்ந்த லேப்டாப்பில் சேவ் எழுதப்படும் நேரத்தில் போனால் அந்தக் கோப்பு திறக்காமலே போகலாம். முந்தைய பெயரில் ஒன்று இருந்தால் ஒரு சீசனோடு நஷ்டம் முடிந்துவிடும். ஒரு மாதம் ஓட எத்தனை நிமிடம் என்று பார்த்து 12ஆல் பெருக்கி, இரவுக்கு எத்தனை சீசன் தாங்கும் என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

அட்டவணையை சாட்ஜிபிடியிடம் கொடுத்து முடிவு கேட்கலாமா? இதிலும் ஏஐ, அதிலும் ஏஐ தானே?
— பிளஸ் டூ மாணவி, ஊத்தங்கரை

பெயர்தான் ஒன்று. விளையாட்டுக்குள் இருக்கும் கணினி மேனேஜர், விருப்ப வியூகம், வீரரின் எண், கிளப்பின் மதிப்பு போன்றவற்றை விதிகளின்படி எடைபோட்டு முடிவெடுக்கும் நிரல். அதற்குப் பேசத் தெரியாது. சாட் ஏஐக்குப் பேசத் தெரியும், ஆனால் நீண்ட அட்டவணையைக் கூட்டச் சொன்னால் பிசகும், இல்லாத வரியையும் சேர்க்கும். லீக் அட்டவணையில் நின்று கன்ட்ரோலோடு பி அழுத்தினால் அதை வெப் பக்கமாகச் சேமிக்கலாம். அங்கிருந்து எக்செலுக்கு நகல் எடுங்கள். சராசரிக்கும் திட்ட விலக்கத்துக்கும் எக்செலிலேயே ஃபார்முலா இருக்கிறது. ஃபார்முலா எழுதத் தெரியவில்லை என்றால் அதை மட்டும் சாட்டிடம் கேளுங்கள், கூட்டலை எக்செல் பார்த்துக்கொள்ளும்.

லேப்டாப் இல்லை. போனில் செய்யலாமா?
— வாசகர், பென்னாகரம்

24ஆம் பதிப்பின் மொபைல் ஆட்டம் நெட்ஃபிளிக்ஸ் வழியாக வெளிவந்தது, ஆனால் கணினியில் உள்ள இந்த எடிட்டர் அதற்குக் கிடையாது. மாற்றம் செய்ய முடியாத இடத்தில் சோதனைக்கு வேலை குறைவு. வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் ஏதாவது உயிரோடு இருந்தால், 2001இல் வந்த சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02ஐப் பாருங்கள். 2008இல் அதை இலவசமாக்கிவிட்டார்கள், எடிட்டரும் உண்டு. எந்த லொட லொட மெஷினிலும் ஓடும், ஒரு சீசன் சீக்கிரமே முடிந்துவிடும் என்பதால் இருபது ஓட்டம் உங்களுக்குப் பெரிய வேலையே இல்லை.